படத்திலிருந்து பிரியும் ஒலி: கூத்து வீசிடிகளும் படியெடுப்பவர் பொறுப்பும்

தமிழகத்தின் வடமாவட்டங்களில் பேருந்து நிலையக் கடைகளிலும் திருவிழாக் கடைகளிலும் ஒரு காலத்தில் தெருக்கூத்து வீசிடிகள் விற்றன. ஒலிநாடாவாக வராமல் வீசிடியாக மட்டுமே நின்றுபோன ஆட்டங்கள் அவற்றில் உண்டு. கூத்துப் பாட்டை ஆராய்பவர் தட்டிலிருந்து ஒலியை மட்டும் எடுத்துக் கைப்பேசியில் போட்டுக்கொண்டு, பேருந்திலும் சமையலறையிலும் திரும்பத் திரும்பக் கேட்கிறார். நானும் அப்படித்தான் கேட்டுவருகிறேன். இதை வசதிக்கான காரியமாகவே எண்ணிவிடுகிறோம். என் பார்வையில் இது பதிப்புப் பணி. சுவடியைப் படியெடுப்பவருக்கு உள்ள பொறுப்பு இவருக்கும் உண்டு.

1993இல் வகுக்கப்பட்ட வீசிடித் தரத்தின்படி படமும் ஒலியும் சிறுசிறு பொட்டலங்களாக மாறிமாறி அடுக்கப்படுகின்றன. தட்டைக் கணினியில் இட்டால் தெரியும் ‘டேட்’ கோப்பு அந்த அடுக்குதான். அதிலுள்ள ஒலி எம்பெக்-1 அடுக்கு 2 முறையில், விநாடிக்கு 44,100 மாதிரிகளும் 224 கிலோபிட்டுமாகப் பதிந்திருக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 100 மெகாபைட்டு. ஒலிப் பொட்டலங்களை மட்டும் பொறுக்கி வரிசையாகக் கோத்தால், ஒரு பிட்கூட மாறாத கோப்பு கிடைக்கும். எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவச மென்பொருள் இதைச் சில நிமிடத்தில் செய்துவிடும். ஆனால் பலரும் கைக்கு அகப்பட்ட மாற்றியில் இட்டு எம்பி3 ஆக்கிவிடுகிறார்கள். ஏற்கெனவே சுருக்கிய ஒலியை விரித்து, மறுபடியும் சுருக்குகிறார்கள்.

அதனால் என்ன கெடுகிறது என்பதை மிருதங்கம் சொல்லும். வலந்தலையில் விழும் அடி சட்டென்று எழுவது. அதற்கு முந்தைய கணம் அமைதி. எம்பி3 ஒலியைச் ‘சாளரம்’ என்னும் துண்டுகளாக எடுத்துச் சுருக்குகிறது; நீண்ட சாளரம் 1,152 மாதிரிகள், அதாவது ஏறத்தாழ 26 மில்லி விநாடி. சுருக்கும்போது பிறக்கும் இரைச்சல் அந்தச் சாளரம் முழுவதும் பரவுகிறது. அடிக்குப் பின் வரும் இரைச்சலை அடியே மறைத்துவிடும்; முன்னால் வருவதைக் காது விட்டுவைக்காது. சட்டென்ற அடி வந்தால் குறுஞ்சாளரத்துக்கு மாறும் ஏற்பாடு எம்பி3யில் உண்டு என்றாலும், குறைந்த பிட் வேகத்தில் அது முழுக் காவல் ஆகாது. அடுக்கு 2 ஒலி அளவை 384 மாதிரிகளுக்கு ஒருமுறை, சுமார் 9 மில்லி விநாடிக்குள், திருத்திக்கொள்ள வல்லது. தாளத்தை அளக்க வந்தவர், அடி தொடங்கும் விளிம்பையே மழுக்கிவிட்டு அளப்பது எப்படித் தகும்?

படத்தை விலக்கினால் கூத்து குறைபட்டுப்போகும் என்பார்கள். ஆட்டமும் அடவும் போய்விடுகின்றன என்பது உண்மை. ஆனால் கூத்து மரபே முதலில் காதுக்கு இடம் தருகிறது. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று வேடக்காரர் பாடுவார். முகம் தெரியுமுன் குரல் வந்து சேரும். என்னிடமுள்ள ஒரு தட்டில் படப்பிடிப்பாளர் அவசரப்பட்டு, திரைக்கு மேலே எட்டிப்பார்க்கும் கிரீடத்தை நெருங்கிக் காட்டிவிடுகிறார். ஒலியை மட்டும் கேட்டபோதுதான், முகவீணை ஒரு சுற்று முன்னே போய்க் குரலுக்கு வழிவிடுவதை முதன்முறையாகக் கவனித்தேன். நான்கைந்து முறை படத்தோடு பார்த்திருந்தும் அது என் காதில் விழவில்லை.

சட்டத்தைப் பற்றிய தயக்கமும் பலருக்கு இருக்கிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. 2012 திருத்தத்துக்குப் பிறகு திரைப்படமும் ஒலிப்பதிவும் அந்த விலக்குக்குள் வந்தன. அதே திருத்தம் சேர்த்த 65ஏ பிரிவு, படைப்பைக் காக்கும் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கினாலும், உரிமையை மீறும் நோக்கம் இருக்க வேண்டும் என்கிறது. பூட்டு இருப்பது டிவிடியில். வீசிடித் தரத்தில் அப்படி ஒன்று கிடையாது. எனவே சொந்த ஆய்வுக்காகக் கேட்பவர் ஒளிந்து செய்ய வேண்டிய வேலை அல்ல இது. எடுத்த ஒலியை ஊருக்கெல்லாம் பங்கிடுவதை இந்த வாதம் காக்காது. அங்கே பாடியவர்களின் பிழைப்பும் சம்பந்தப்பட்டிருக்கிறது. கூத்துக் கலைஞர்கள் எவ்வளவு கொஞ்சத்தில் வாழ்கிறார்கள் என்பதை அருகிருந்து பார்த்தவன் நான்.

அவசரம் வேறிடத்தில், தட்டு கெட்டுப்போவதில் இருக்கிறது. சாதாரணத் தரவுத் தட்டில் ஒரு பகுதிக்கு 2,048 பைட்டு தரவும் 276 பைட்டு பிழைதிருத்தமும் உண்டு. வீசிடி அந்த 276 பைட்டையும் படத்துக்கும் ஒலிக்குமே கொடுத்து 2,324 ஆக்கிக்கொண்டது. கீறல் விழுந்தால் மீட்டுத்தர அந்தக் காவல் இல்லை. மேலே சொன்ன தட்டில் ஓரிடத்தில் கீறலால் ஒரு சொல் சிதைகிறது. ஒரு கணினியில் எடுத்த ஒலியில் அங்கே ‘டக்’கென்ற வெட்டு, வேறொரு கணினியில் எடுத்ததில் வெட்டு தள்ளி விழுந்து சொல்லின் முற்பாதி கேட்கிறது. ஒன்றைக்கொண்டு மற்றதை ஒட்டுப்போட்டு வழவழப்பாக்க மனம் ஒப்பவில்லை. இரண்டு கோப்புகளையும் எடுத்தபடியே வைத்து, தட்டின் உறையிலிருந்த விவரத்தையும் எடுத்த நாளையும் குறித்து, அந்தச் சொல்லைப் பாடபேதமாக எழுதியிருக்கிறேன்.