படகில் எலெக்ட்ரிக் டாய்லெட்... பட்டனை அழுத்தும் முன் இதையெல்லாம் யோசிங்க!

பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்டு நாடு நாடாகச் சுற்றும் ஜோடிகளின் வீடியோக்களை யூடியூபில் பார்த்திருப்பீங்க. டால்பின் துள்ளும், சூரியன் மறையும், மீன் வறுபடும். நம்ம மனசுல மட்டும் வேற கேள்வி ஓடும்: 'அவசரம்னா எங்க போவாங்க?'

படகுக்குள்ளேயே குட்டியாக ஒரு டாய்லெட் இருக்கும். பெயர் 'ஹெட்'. அந்தக் காலக் கப்பல்களில் மாலுமிகளுக்கான கழிப்பிடம் கப்பலின் தலைப்பகுதியில், அதாவது முன்முனையில் இருந்தது. அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

பழைய படகுகளில் கை பம்ப்தான். ஒவ்வொரு முறையும் இருபது, முப்பது தடவை அடிக்கணும். இப்போது பலரும் எலெக்ட்ரிக்குக்கு மாறுகிறார்கள். ஆனா, இதை வெறும் சொகுசு விஷயமாக நினைச்சு வாங்கினா சிக்கல். காரணம், பெரும்பாலான படகு டாய்லெட்களின் குழாய்கள் படகின் அடிப்பகுதியில் போட்ட ஓட்டைகள் வழியாகக் கடலுக்குப் போகின்றன.

1945 ஏப்ரலில், யு-1206 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஸ்காட்லாந்து அருகே மூழ்கியதற்குத் தொடக்கமே டாய்லெட் வால்வுகளைத் தவறாக இயக்கியதுதான். உள்ளே புகுந்த கடல்நீர் பேட்டரியைத் தொட, குளோரின் வாயு கிளம்பியது. மேலே வந்த கப்பல் தாக்குதலுக்கு உள்ளாகி, கடைசியில் கைவிடப்பட்டது. பாய்மரப் படகுக்கும் பாடம் ஒண்ணுதான்: டாய்லெட்டை அலட்சியமா விடாதீங்க.

எந்த வகை உங்களுக்கு?

மெசரேட்டர்: மிக்ஸி மாதிரி பிளேடு கழிவை அரைத்து வெளியே தள்ளும். பரவலாக இருப்பது இதுதான். சத்தம் கொஞ்சம் அதிகம்.

வேக்குவம்: உறிஞ்சி இழுக்கும். தண்ணீர் ரொம்பக் குறைவாகவே போதும். விலை கூடுதல், பாகங்களும் அதிகம்.

கம்போஸ்ட்: சிறுநீரைத் தனியாகப் பிரித்துவிடும். திடக்கழிவு தென்னை நார்த்தூளுடன் கலக்கும். ஆமாம், நம்ம பொள்ளாச்சிப் பக்கம் தயாராகி ஏற்றுமதியாகிற அதே நார்த்தூள் வகைதான். இதற்கு ஓட்டையே தேவையில்லை, கரன்ட்டும் ஒரு சின்ன ஃபேனுக்கு மட்டும். ஆனா, காலி செய்யும் வேலை உங்க கையில்.

கரன்ட் கணக்கு

'பேட்டரி காலியாகிடுமே' என்பதுதான் எல்லோருக்கும் வரும் பயம். கணக்குப் போட்டுப் பாருங்க. 12 வோல்ட் மெசரேட்டர் ஒன்று சுமார் 18 ஆம்பியர் இழுப்பதாக வைப்போம். 20 விநாடி ஓடினால் 0.1 ஆம்பியர்-அவர். பத்து முறை ஃப்ளஷ் செய்தாலும் 1 ஆம்பியர்-அவர்தான். 100 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு இது ஒண்ணுமே இல்லை.

பிரச்னை ஒயரில்தான். பேட்டரியிலிருந்து டாய்லெட் 6 மீட்டர் தூரம் என்றால், போக வர 12 மீட்டர் ஒயர். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் வழியிலேயே 1.6 வோல்ட் வரை போய்விடும். மோட்டார் திணறும், பிளேடு சிக்கும். அதுவே 10 சதுர மில்லிமீட்டர் என்றால் இழப்பு 0.4 வோல்ட்தான். ஈயம் பூசிய தாமிர ஒயராக வாங்குங்க. உப்புக்காற்றில் சாதாரணத் தாமிரம் சீக்கிரம் அரிக்கும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கணும். எத்தனை ஆம்பியர் என்பதை டாய்லெட்டோடு வரும் கையேட்டில் பார்த்துப் போடுங்க.

கடல்நீரா, நல்ல தண்ணீரா?

கடல்நீர் இலவசம். ஆனா, அதிலுள்ள சல்ஃபேட்டை குழாய்க்குள் இருக்கும் பாக்டீரியா அழுகிய முட்டை நாற்றமாக மாற்றிவிடும். சிறுநீரோடு சேர்ந்து சுண்ணாம்புபோல படிந்து, குழாயையும் அடைக்கும். நல்ல தண்ணீரில் இந்தத் தொல்லை குறைவு. ஒரு ஃப்ளஷுக்கு 2 லிட்டர், ஒரு நாளைக்குப் பத்து முறை என்றால் 20 லிட்டர் போகும். டேங்க் சின்னதா இருந்தா யோசிக்கணும். கடல்நீருக்கான டாய்லெட்டைக் குடிநீர் டேங்கோடு நேரடியாக இணைக்கவே கூடாது. கிருமி திரும்பி வர வழியாகிடும். அதற்கென்றே தயாரான மாடல்தான் சரி.

உயிர் காக்கும் வளைவு

பொருத்தும்போது கோட்டை விடக் கூடாத இடம் இதுதான். பல படகுகளில் டாய்லெட் பீங்கான் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும். கேனிலிருந்து டியூப் போட்டு மண்ணெண்ணெய் இறக்குவோமே, அதே மாதிரி கடல்நீர் தானாக உள்ளே இறங்க ஆரம்பிக்கும். கடல்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே இருக்கும் ஒன்றரை இன்ச் ஓட்டை முழுசாகத் திறந்துகிடந்தால், நிமிடத்துக்குச் சுமார் 140 லிட்டர் உள்ளே வரும். கிட்டத்தட்ட பத்து குடம்!

இதைத் தடுக்கத்தான் குழாயை மேலே ஏற்றி, வளைத்து இறக்கி, உச்சியில் ஒரு காற்று வால்வு வைக்கிறார்கள். படகு எவ்வளவு சாய்ந்தாலும் அந்த உச்சி கடல்மட்டத்துக்கு மேலேயே இருக்கணும். தண்ணீர் உள்ளே வரும் குழாயில் இந்த வளைவு பம்ப்புக்கும் பீங்கானுக்கும் நடுவில் வரணும். பம்ப்புக்கு முன்னால் வைத்தால் அது காற்றைத்தான் உறிஞ்சும். வால்வில் உப்பு அடைக்கும் என்பதால் அடிக்கடி கழுவுங்க.

டேங்க்கும் சட்டமும்

அமெரிக்காவில் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவைக் கடலில் விடக் கூடாது. அதற்குத்தான் கழிவுத் தொட்டி. 60 லிட்டர் தொட்டி, 2 லிட்டர் ஃப்ளஷ் என்றால் 30 முறை. இரண்டு பேருக்கு மூன்று நாள் வரும். பிறகு துறைமுகத்தில் உறிஞ்சி எடுக்கும் வசதியைத் தேடணும். எந்த நாட்டுக்குப் போனாலும் அங்குள்ள விதியை முதலில் பாருங்க.

பொருத்தும் முன் செக் பண்ணுங்க

* படகின் ஓட்டையில் வைக்கும் வால்வு வெண்கலமாகவோ, அதற்கென்றே தயாரான பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். பித்தளை கடல்நீரில் உள்ளுக்குள்ளேயே அரித்து, ஒருநாள் பட்டென்று உடையும்.
* ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு துருப்பிடிக்காத கிளாம்ப்.
* கழிவுக்கென்றே தயாரான ஹோஸ். பழைய ஹோஸா? வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியை முகர்ந்து பாருங்க. நாற்றம் வந்தால் மாற்றும் நேரம் வந்தாச்சு.
* வால்வைக் கை எட்டும் இடத்தில் வையுங்க. படகைவிட்டு இறங்கும்போது மூடுங்க.
* மோட்டார் நின்றால் என்ன செய்வது? ஒரு வாளியாவது தயாரா இருக்கட்டும்.

படகுக்காரர்கள் விருந்தாளிகளுக்குச் சொல்லும் விதி ஒண்ணு உண்டு: 'நீங்க சாப்பிடாத எதுவும் உள்ளே போகக் கூடாது.' கொஞ்சம் டாய்லெட் பேப்பருக்கு மட்டும் விதிவிலக்கு. நாப்கினோ வெட் வைப்ஸோ போட்டால், நடுக்கடலில் அதைக் கழற்றிச் சுத்தம் செய்யப்போவது நீங்கதான். பட்டன் வேலையைச் சுலபமாக்கும். வளைவையும் வால்வையும் கவனிப்பது மட்டும் எப்பவும் உங்க பொறுப்பு!