கார் பெயிண்டில் சுழல் கீறலும் மங்கலும்

சுழல் கீறல் என்பது காரின் மேல்பூச்சில் விழும் மிக நுண்ணிய உரசல் கோடுகளின் தொகுதி. நிழலில் அது தெரியாது. உச்சி வெயிலிலோ பெட்ரோல் பங்க் விளக்கின் கீழோ, ஒளி விழும் புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் தெரியும். கோடுகள் வட்டமாக இருப்பதில்லை. எல்லாத் திசையிலும் ஓடும் சிறு கோடுகளில், ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் வெளிச்சத்தை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன. நாம் ஓரடி நகர்ந்தால் வலையும் கூடவே நகர்வது அதனால்தான். மங்கல் என்பது, கோடு கோடாகப் பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்கு உரசல் நெருங்கி, ஒளியைச் சிதறடித்து, கறுப்பைச் சாம்பலாகவும் சிவப்பை வெளிறியும் காட்டும் நிலை. இரண்டுக்கும் தூசியைக் குற்றம் சொல்வது வழக்கம். ஆனால் பெரும்பகுதிக் குற்றம் துடைக்கும் துணியுடையது. மீதி, அவற்றைப் போக்குவதாகச் சொல்லிப் போடும் கம்பவுண்டு என்ற தேய்ப்புப் பசையுடையது.

தூசிக்குப் பஞ்சமில்லாத ஊரில்தான் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அப்படி ஓர் ஊர் சடையங்குப்பம். அது மணலிக்கு வடக்கே, கொசஸ்தலை ஆற்றை ஒட்டிய தாழ்வான பகுதி; 2011-இல் சென்னை மாநகராட்சி விரிவடைந்தபோது அதனுடன் சேர்ந்தது. திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் மண்ணைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நீதிமன்ற உத்தரவால் 2011-இல் நின்றபின், அந்தச் சரக்கு எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வந்தது. அனல்மின் நிலையச் சாம்பல் செப்பாக்கம் குளத்தில் குவிகிறது. கடற்காற்று உப்பைக் கொண்டுவருகிறது. சாலை மணலில் இருக்கும் குவார்ட்ஸ், மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் 7. பறக்கும் சாம்பல் பெரும்பாலும் கண்ணாடித் தன்மையுள்ள அலுமினோசிலிகேட் உருண்டைகள். காரின் மேல்பூச்சோ அக்ரிலிக் வகைப் பிளாஸ்டிக். இந்தத் துகள்கள் எதற்கும் அது ஈடுகொடுக்காது.

அப்படியானால் தூசியே காரணம் என்று முடித்துவிடலாமே என்று கேட்கலாம். முடியாது. பானெட்டில் வெறுமனே படிந்திருக்கும் துகள் தன் எடையால் எதையும் கீறாது. அதை அழுத்தி இழுக்க வேண்டும். உயரமான வண்டிகளில் கூரையின் நடுப்பகுதியைப் பாருங்கள். தூசி அங்கேதான் அதிகம் படியும். கை எட்டாததால் தினமும் துடைபடுவதில்லை. கதவிலும் பானெட்டிலும் நெருக்கமாக இருக்கும் கோடுகள் அங்கே குறைந்திருக்கும். கைப்பிடிக்குப் பின்னுள்ள குழிவில் விரல் நகம் பட்ட கோடுகள் தனியாகத் தெரியும். காலையில் பனியன் வேஸ்ட்டை எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அதே துணியால் கார் முழுவதையும் வட்டம் வட்டமாகத் தேய்ப்பதுதான் நம் ஊர்ப் பழக்கம். இரண்டாவது கதவுக்குப் போகும்போதே அந்தத் துணி உப்புத்தாளாகிவிடுகிறது.

இனி கணக்கு. இன்றைய காரில் தகட்டின் மேலுள்ள எல்லா அடுக்குகளும் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான்; அதில் நிறமற்ற மேல்பூச்சான கிளியர் கோட் ஏறத்தாழ 35 முதல் 50. மனிதத் தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவில் இருப்பதை நினைத்துக்கொண்டால் இது எவ்வளவு மெலிது என்று விளங்கும். சுழல் கீறலின் ஆழம் பெரும்பாலும் ஓரிரு மைக்ரான். பாலிஷ் அந்தப் பள்ளத்தை நிரப்புவதில்லை. பள்ளத்தின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பரப்பைச் சீவி எடுக்கிறது. எடுத்தது எடுத்ததுதான். வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அந்த அடுக்கேதான். ஏழெட்டு மைக்ரானுக்கு மேல் போனால் காப்பு கெடும் என்பது தொழிலில் வழங்கும் எச்சரிக்கை. ஆண்டுக்கொரு முறை கடுமையான கம்பவுண்டு போடும் காரில் சில ஆண்டுகளிலேயே அந்த வரம்பு வந்துவிடும். அதன்பின் பூச்சு வெளுத்து உரியத் தொடங்கும். கிளியர் கோட் இல்லாத பழைய அம்பாசடர், பத்மினி வண்டிகளில் தடித்த ஒற்றைப் பூச்சு இருந்தது. தேய்த்தால் துணியில் நிறம் ஏறும், அடியில் புது நிறம் வரும். அந்தக் காலத்து ரப்பிங் பழக்கத்தை இன்றைய காருக்கும் அப்படியே கொண்டுவந்ததுதான் பல ஒர்க்‌ஷாப்களில் நடக்கும் தவறு.

சரியான முறை, குறைவாகச் சீவுவதிலிருந்து தொடங்குகிறது. முதலில் அளவுமானியால் தடிமன் பார்க்க வேண்டும். கழுவி, களிமண் பார் தேய்த்து ஒட்டியிருக்கும் துகளை நீக்கி, கையகல இடத்தில் மிக மென்மையான பாலிஷையும் ஸ்பாஞ்ச் பேடையும் சோதிக்க வேண்டும். போதவில்லை என்றால் மட்டுமே ஒரு படி மேலே போகலாம். கம்பளி பேடும் வேகமாகச் சுழலும் ரோட்டரி மெஷினும் சேர்ந்தால் கீறல் சீக்கிரம் போகும், கூடவே புது மங்கல் வரும். மெஷின் போன தடம் வெயிலில் அலையலையாகத் தெரியும். மடிப்பு விளிம்புகளில் பூச்சு இன்னும் மெலிது, அங்கே சூடும் அதிகம். சுழற்சியோடு விலகியும் ஆடும் டூயல் ஆக்‌ஷன் மெஷின் மெதுவானது, தவறுக்கு இடம் குறைவு. முடித்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்த நீரால் துடைத்துப் பார்ப்பது கட்டாயம். பல பாலிஷ்களில் உள்ள எண்ணெயும் மெழுகும் கோடுகளை மூடி நிற்கும். இரண்டு மூன்று வாஷில் அவை கரைய, பழைய வலை திரும்பிவிடும்.

செராமிக் கோட்டிங் போட்டால் கவலையில்லை என்று விற்பவர்கள் சொல்வார்கள். அதன் தடிமனே ஓரிரு மைக்ரான்தான். விளம்பரத்தில் வரும் 9எச், பென்சில் முனையால் சோதிக்கும் கடினத்தன்மை. மோஸ் அளவுகோலோடு அதற்குத் தொடர்பில்லை. அழுக்கு எளிதில் கழுவிப்போக அது உதவும், மணலோடு தேய்ப்பதைத் தாங்காது. தினமும் துடைப்பதை விட்டுக் கழுவுங்கள் என்றால் எழும் மறுப்பு இதைவிடக் கனமானது; அது தண்ணீர் பற்றியது. மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடியில் கடல்நீர் ஏறிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. போர் தண்ணீரைக் காய விட்டால் உப்புப் பொட்டு விழும். குடிநீரை லாரிக்காகக் காத்திருந்து பிடிக்கும் தெருவில் ஹோஸ் பிடித்துக் கழுவு என்பது அநியாயமான யோசனை. ஆனால் கழுவ ஹோஸ் தேவையில்லை. மேலிருந்து கீழாக மெல்ல ஊற்றி மணலை இறக்க ஒரு வாளி, ஷாம்புக்கு ஒன்று, துணி அலச ஒன்று போதும். கடைசி ஊற்றலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். நேரமில்லாத கால் டாக்சி ஓட்டுநர், கண்ணாடிகளையும் விளக்குகளையும் மட்டும் துடைத்துவிட்டு, காரின் உடம்பை வாரம் ஒருமுறை இப்படிக் கழுவினால் தினசரி தேய்ப்பைவிடப் பளபளப்பு அதிக நாள் நிற்கும். வாரத்துக்கு மேல் தள்ளுவதும் சரியல்ல; உப்பும் சாம்பலும் பனியில் ஊறிப் பூச்சை அரிக்கும்.

மேலே ஒட்டிய கறையையும் உள்ளே விழுந்த கீறலையும் பிரித்தறியாமல் மெஷினை எடுக்கக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய், எர்ணாவூர் வீடுகளையும் வண்டிகளையும் கறுப்பாக்கியது. அத்தகைய கறை பூச்சின் மேல் நிற்பது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியை ஒற்றி ஊறவிட்டு, வழித்தெடுத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவினால் போய்விடும். கம்பவுண்டு போட்டால் கறையிலுள்ள மணலே பூச்சை அறுக்கும். புதிய உப்புப் பொட்டு நீர்த்த வினிகருக்கு இளகும். பூச்சை அரித்துப் பள்ளமாகிவிட்ட பொட்டுக்கு மட்டுமே பாலிஷ் வேண்டும். நகம் தட்டி நிற்கும் கீறலைப் பாலிஷால் எடுக்க முயல்வது வீண். அந்தப் பாகத்துக்குத் திரும்பப் பெயிண்ட் அடிப்பதே வழி.