மின்னஞ்சல் வழங்கிக் கொத்து

மின்னஞ்சல் வழங்கிக் கொத்து என்பது ஓர் ஆள்களப் பெயருக்கு வரும் மின்னஞ்சல்களைப் பெறுதல், சேமித்தல், பயனருக்கு அளித்தல் ஆகிய பணிகளைப் பல கணினிகள் பகிர்ந்து செய்யும் அமைப்பு ஆகும். ஒரு கணினி பழுதடைந்தாலும் சேவை தொடர்வதே இதன் முதன்மை நோக்கம்.

அஞ்சலைப் பெறுதல்

இப்பகுதி எளிது. ஓர் ஆள்களத்துக்குப் பல எம்.எக்ஸ் பதிவுகளை முன்னுரிமை எண்களுடன் டி.என்.எஸ் இல் இடலாம். 1986 இல் வெளியான ஆர்.எஃப்.சி 974 இதனை விளக்கியது. குறைந்த எண்ணுடைய கணினியே முதலில் அணுகப்படும். எல்லாக் கணினிகளும் செயலிழந்தாலும் அஞ்சல் உடனே தொலைவதில்லை. அனுப்பும் வழங்கி அதனை வரிசையில் வைத்து மீண்டும் மீண்டும் முயலும். குறைந்தது 4-5 நாட்கள் முயல வேண்டும் என்கிறது ஆர்.எஃப்.சி 5321 (2008). ஆனால், பெறும் கணினி 250 என்ற மறுமொழியைத் தந்துவிட்டால் அஞ்சலுக்கான பொறுப்பு அதனுடையது. அனுப்பியவர் பக்கத்து வழங்கி தன் படியை அழித்துவிடும்.

அஞ்சலைச் சேமித்தல்

உண்மையான சிக்கல் இங்குதான் உள்ளது. கணினிகள் பலவானாலும் பயனரின் அஞ்சல்பெட்டி ஒன்றே. யுனிக்சின் பழைய எம்பாக்ஸ் வடிவத்தில் ஒரு பெட்டியின் அஞ்சல்கள் யாவும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து எழுதப்படும். அக்கோப்பை என்.எஃப்.எஸ் வழியாகப் பகிரும் இரு கணினிகள் ஒரே கணத்தில் எழுத முயன்று, கோப்புப் பூட்டும் சரிவர இயங்காவிடின், அஞ்சல்கள் ஒன்றோடொன்று கலந்து சிதையும்.

டேனியல் பெர்ன்ஸ்டைன் தமது கியூமெயில் மென்பொருளுக்காக 1990களில் வடிவமைத்த மெயில்டிர், பூட்டின் தேவையையே நீக்கியது. இதில் ஒவ்வோர் அஞ்சலும் தனிக் கோப்பு. நேரம், செயல்முறை எண், கணினியின் பெயர் ஆகியவற்றைச் சேர்த்துக் கோப்புக்குப் பெயரிடுவதால் இரு கணினிகள் ஒரே பெயரை உருவாக்குவதில்லை. கோப்பு 'டெம்ப்' அடைவில் முழுமையாக எழுதப்பட்ட பின்னரே 'நியூ' அடைவுக்குச் செல்லும். எனவே அரைகுறை அஞ்சல் எவர் கண்ணிலும் படாது. எளிய, அழகான தீர்வு. எனினும் டவ்காட் போன்ற ஐமேப் வழங்கிகள் விரைவுக்காக வைத்திருக்கும் சுட்டுக் கோப்புகள் பழைய சிக்கலை மீண்டும் கொண்டுவருகின்றன. ஆகவே ஒரு பயனரின் இணைப்புகளை எப்போதும் ஒரே கணினிக்கு அனுப்புவது வழக்கம்.

மூளைப் பிளவு

பகிர்ந்த வட்டுக்கு மாற்றாக, இரு கணினிகளில் ஒரே தரவின் இரு படிகளை வைப்பதும் உண்டு. அவற்றுக்கு இடையிலான இணைப்பு அறுந்தால், மற்றது இறந்துவிட்டது என எண்ணி இரண்டுமே முதன்மைப் பொறுப்பை ஏற்கக்கூடும். இது மூளைப் பிளவு எனப்படுகிறது. அப்போது இரண்டும் தனித்தனியே அஞ்சல்களைப் பெற்று 250 என மறுமொழி தரும். பின்னர் ஒரு பக்கத்துத் தரவைக் கைவிட்டு மற்றதை ஏற்றால், கைவிடப்பட்ட அஞ்சல்கள் அனுப்பிய வழங்கியிலும் இரா. இதனைத் தவிர்க்க மூன்றாவது கணினி ஒன்றைச் சேர்த்து, பெரும்பான்மையுடன் தொடர்பில் உள்ள கணினி மட்டுமே எழுதலாம் என விதிப்பர். அல்லது பொறுப்பேற்கும் முன் மற்றதன் மின்சாரத்தைத் துண்டிப்பர்.