சாவி தெரியாத பூட்டு

பீரோச் சாவி தொலைந்தால் பூட்டுக்காரரைக் கூப்பிடுகிறோம். அவர் கொத்துச் சாவியோடு வந்து திறந்துவிட்டுப் போகிறார். லாப்டாப் பூட்டிக்கொண்டால் மட்டும், பழுது பார்ப்பவர், "உள்ளே இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தரட்டுமா?" என்கிறார். நமக்கு வயிறு எரிகிறது. நாம் கொடுத்த கடவுச்சொல் இந்த யந்திரத்துக்குள்தானே இருக்கிறது; எடுத்துச் சொன்னால் என்ன? இந்தக் கேள்விக்கு விடை தேடி அறுபது வருஷத்துச் சரித்திரத்தைப் புரட்டினேன்.

அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961-ல் பெர்னாண்டோ கார்பட்டோவும் அவருடைய சகாக்களும், ஒரே கம்ப்யூட்டரைப் பலர் ஒரே சமயத்தில் உபயோகிக்க வழி கண்டார்கள். பலர் புழங்கும் இடத்தில் அவரவர் கோப்பு அவரவருக்கே என்று வேலி போட வேண்டுமல்லவா? அதற்காக ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள். கூட்டுக் குடும்பத்தில் ஓரகத்திகள் தத்தம் டிரங்குப் பெட்டியைப் பூட்டி வைப்பது போன்ற ஏற்பாடு.

அந்த வேலி வெகு நாள் நிற்கவில்லை. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு ஒதுக்கிய நான்கு மணி நேரம் போதவில்லை. 1962-ல் அவர், கடவுச்சொற்கள் இருந்த கோப்பை அச்சிட்டுத் தரும்படி ஓர் அட்டையில் துளையிட்டுக் கொடுத்தார். யந்திரமும் மறுபேச்சின்றி அச்சிட்டுத் தந்தது! சில வருஷம் கழித்து வேலியே பயிரை மேய்ந்தது. இரண்டு நிர்வாகிகள் ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகளைத் திருத்தப் போக, ஒன்று மற்றொன்றின் இடத்தில் போய் உட்கார்ந்தது. அன்று நுழைந்தவர்களுக்கெல்லாம் வழக்கமான அறிவிப்புக்குப் பதிலாக அத்தனை பேருடைய கடவுச்சொற்களும் காட்சியளித்தன.

சாவிகளை ஒரே ஆணியில் மாட்டினால் இந்தக் கதிதான். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ரோஜர் நீதம் 1960-களிலேயே மாற்று வழி கண்டார். சொல்லை அப்படியே வைக்காமல் அரைத்து மாவாக்கி வைப்பதே அது. மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் அதே சொல்லை மறுபடி அரைத்தால் அதே மாவு வரும். யந்திரம் இரண்டு மாவையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கதவைத் திறக்கும். ராபர்ட் மாரிஸும் கென் தாம்ஸனும் 1979-ல் எழுதிய கட்டுரையில் இன்னும் ஒரு படி போனார்கள். அரைக்கும்போது ஆளுக்கு ஆள் வேறுபட்ட சிறு சேர்மானம் ஒன்றைப் போட்டார்கள். அப்படிச் செய்தால், இருவர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் மாவு வேறாகிவிடும். அந்தச் சேர்மானத்துக்கு அவர்கள் வைத்த பெயரே உப்பு!

ஆகவே, நம் கடவுச்சொல் யந்திரத்துக்குத் தெரியாது. ஒரு காலத்தில் பழைய மாவைக் கொட்டிவிட்டுப் புது மாவு வைத்துத் திறந்துவிடலாம். 2007-ல் விண்டோஸ் விஸ்டாவுடன் பிட்லாக்கர் வந்தபின், அது காவல் காக்கும் பெட்டிகளில் உள்ளே இருக்கும் கடிதமும் படமுமே உருமாறிக் கிடக்கின்றன. 48 இலக்க மீட்பு எண் இருந்தால் தப்பலாம். சொல்லும் எண்ணும் இரண்டும் போனால், திருடனுக்குப் போட்ட பூட்டு வீட்டுக்காரனையும் வெளியே நிறுத்திவிடும். வீட்டுக்காரர் காலமான பிறகு, அவர் சேர்த்து வைத்த படங்களுக்காக மனைவி மக்கள் அதன் முன் உட்கார்ந்திருந்தாலும் அது இரங்காது.

கார்பட்டோவே தம்முடைய கடவுச்சொற்களைக் காகிதத்தில் எழுதி வைத்திருந்ததாக 2014-ல் ஒரு பேட்டியில் சொன்னார். கடவுச்சொல்லைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தவருக்கே காகிதம் வேண்டியிருந்தது. நாமும் அந்த 48 இலக்கங்களைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வைப்பதில் வெட்கமில்லை. அது இருக்கும் இடத்தை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வைக்கவும் வேண்டும்.