கதவுக்கும் குடுமி உண்டு

போன மாசம் ஊர்ல எங்க வீட்டு கேட் கழண்டு விழுந்துடுச்சு. பக்கத்து வீட்டு வாண்டு ஒண்ணு வழக்கம்போல அதுல ஏறி நின்னு ஊஞ்சலாடிட்டு இருந்திருக்கு. மேல் கீல் பிச்சுக்கிட்டு வந்ததைப் பார்த்து அப்பா ஓடிப்போய் தாங்கியிருக்கார். பாப்பாவுக்கு முழங்கால்ல ஒரு சிராய்ப்போட போச்சு. அப்பாவுக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிஞ்சு ஆறு வாரம் மாவுக்கட்டு.

இதுல என் பங்கு என்னன்னா, ஆறு மாசமா போன்ல "கேட்டு கத்துதுடா, வந்தா பாரு"ன்னு சொல்லிட்டே இருந்தார். நான் இங்க சென்னைல ஆணி புடுங்கற மும்முரத்துல "எண்ணெய் விடுங்கப்பா"ன்னு சொல்லிட்டு போனை வச்சுடுவேன். அவரும் நல்லெண்ணெய் விட்டார். சத்தம் நின்னுடுச்சு. எர்ரர் மெசேஜை மட்டும் கமெண்ட் பண்ணிட்டு, பக் சரியாயிடுச்சுன்னு டிக்கெட்டை மூடுற கதைதான். இத்தனைக்கும் நான் படிச்சது மெக்கானிக்கல்.

ஊருக்குப் போன அன்னிக்கு அப்பா திட்டவே இல்லை. அதுதான் கஷ்டமா இருந்துச்சு. கட்டுப்போட்ட கையை நெஞ்சோட வச்சுக்கிட்டு, "உங்க தாத்தா வீட்டுக் கதவு எழுபது வருஷமா நிக்குது. அதுல கீலே கிடையாது தெரியுமா?"ன்னு கேட்டார். தெரியாது. அந்தக் கதவுல ஆயிரம் தடவை நுழைஞ்சிருக்கேன், கவனிச்சதில்லை.

மறுநாள் போய்ப் பார்த்தேன். பலகையோட ஒரு ஓரம் மேலயும் கீழயும் உருளையா நீட்டிக்கிட்டு இருக்கு. அதுக்குப் பேருதான் குடுமி. மேல் குடுமி நிலையில இருக்கற துளைக்குள்ள, கீழ்க் குடுமி ஒரு குழிக்குள்ள. அவ்வளவுதான். கதவோட மொத்த கனமும் நேரா தரைக்குப் போயிடுது. நிலைக்கு வேலை, கதவு சாயாம பிடிச்சுக்கறது மட்டும்தான். நம்மூர்க் கோபுர வாசல்கள்ல நிக்கற ராட்சசக் கதவுகளும் இப்படித்தான். அடுத்த தடவை போனா உள்பக்கம் நிலைக்கால் ஓரமா கல்லுல குடைஞ்சிருக்கற குழியைப் பாருங்க.

இதுக்கப்புறம் ஒரு வாரம் ராத்திரி பூரா இதைத்தான் தோண்டிக்கிட்டு இருந்தேன்.

எகிப்துல ஹியராகோன்போலிஸ்னு ஒரு பழைய ஊர். அங்க கிடைச்ச ஒரு கதவுக்குழிக் கல், கி.மு. 3000 வாக்குல செஞ்சது, இப்போ பிலடெல்பியாவுல பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்துல இருக்கு. கல்லோட ஒரு முனை மனுஷத் தலை. கையைப் பின்னால கட்டிக் குப்புறப் போட்ட ஒரு கைதி. கதவோட முளை சுத்தற குழி அவன் முதுகுல! ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கும்போதும் எதிரியோட முதுகுல திருகுறாங்க. ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே கதவோட கனத்தை யாரு சுமக்கிறாங்கன்னு ஒருத்தன் இவ்வளவு குரூரமா யோசிச்சிருக்கான்.

மெசபடோமியாவுல கொஞ்சம் நாகரிகம். அங்க குழிக்கல்லைத் தரைக்குக் கீழ புதைச்சு, அதுல அரசன் தன் பேரை வெட்டி வைப்பான். லகாஷ் அரசன் குடேயா (கி.மு. 2100 வாக்கு) பேர் போட்ட கற்கள் பல கிடைச்சிருக்கு. மரக்கதவு மக்கிப் போச்சு, சுவர் கரைஞ்சு போச்சு, குழிக்கல் மட்டும் நிக்குது. 1878ல மோசூல் பக்கத்துல பலாவத்ங்கற இடத்துல ஹோர்முஸ்த் ரஸ்ஸாம் கண்டெடுத்த அசீரியக் கதவுகளும் இதே கதைதான். மூன்றாம் ஷல்மனேசரோட போர்களைச் செதுக்கின வெண்கலப் பட்டைகள் தப்பிச்சுது, மரம் போச்சு. அதுலயும் தனியா கீல் கிடையாது. கதவைத் தாங்கற உருட்டுக்கம்பமே கல்லுல சுழலும்.

இவ்வளவு நல்ல சமாச்சாரத்தை ஏன் விட்டாங்க? வீட்டுக்குள்ள இருக்கற கதவுக்குக் குடுமி சரி. வெட்டவெளில நிக்கற கேட்டுக்குக் குழியில மண்ணு, மழைத்தண்ணி, கூழாங்கல் எல்லாம் சேரும். குடுமி ஊறி மக்கும். தேய்ஞ்சா கதவையே பெயர்த்து எடுக்கணும். இரும்பு மலிஞ்ச பிறகு ஐரோப்பாவுல வேற வழி பரவலாச்சு. கம்பத்துல ஒரு கொக்கியை அடிச்சு, கேட்ல வளையம் வச்ச இரும்புப் பட்டையை ஆணியடிச்சு, வளையத்தைக் கொக்கியில மாட்டிட வேண்டியது. கப்பல்ல சுக்கானை மாட்டறதும் இதே அமைப்புதான். இங்கிலாந்துல வின்செஸ்டர் தேவாலயத்துல இருக்கற, சுமார் 1180ஐச் சேர்ந்த ஞானஸ்நானத் தொட்டியில அப்படி மாட்டின சுக்கானைச் செதுக்கியே வச்சிருக்காங்க. தோட்டத்து கேட்ல ஒரு சின்ன சிக்கல், வளையத்தைத் தூக்கினா கேட்டையே கொண்டுபோயிடலாம். அதனால மேல் கொக்கியை மட்டும் தலைகீழா அடிச்சாங்க. திருடனுக்காக டிசைன் மாறினது நம்ம துறைல மட்டும் இல்லை. அப்புறம் 1775ல இங்கிலாந்துல வார்ப்பிரும்புக் கீலுக்குக் காப்புரிமை வாங்கினாங்க, கீல் கடைச்சரக்காச்சு.

ஆனா இதுல ஒரு விஷயம் சத்தமில்லாம மாறிப் போச்சு. குடுமியில கதவு *நிக்குது*. கீல்ல கதவு *தொங்குது*. தரை சுமந்ததைக் கம்பமும் ரெண்டு இரும்புத் துண்டும் சுமக்கணும்.

கணக்கு போட்டுப் பார்த்தேன். எங்க கேட்ல ஒரு கதவு சுமார் 60 கிலோ, அகலம் ஒன்றரை மீட்டர். அதோட கனம் நடுவுல, அதாவது கம்பத்துலேருந்து முக்கால் மீட்டர்ல இருக்கு. கீல் ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி ஒரு மீட்டர்னா, மேல் கீலைக் கம்பத்துலேருந்து பிடுங்கற இழுவை 45 கிலோ. எங்க கேட்ல வெல்டர் அரை மீட்டர்தான் விட்டிருந்தார். அப்போ அது 90 கிலோ. 25 கிலோ குழந்தை ஓரத்துல ஏறி ஆடினா இன்னொரு 75. மொத்தம் 165 கிலோ! சுண்டுவிரல் மொத்தத்துல இருக்கற வெல்டிங் மேல. கீலை இன்னும் அரை மீட்டர் தள்ளி வச்சிருந்தா, குழந்தையோட சேர்த்தே பாதிதான். ஒரு பைசா கூடுதல் செலவு கிடையாது.

விழுந்த கேட்டைத் திருப்பிப் பார்த்தப்போ, வெல்டிங் வெடிப்புல பாதி தூரம் பழைய துரு. அந்தக் கத்தல் எண்ணெய் கேட்டு இல்லை. பெயிண்ட் அடிச்சவர் கீல் மேலயும் சேர்த்தே பூசியிருந்ததால வெடிப்பு யார் கண்ணுக்கும் படலை. நல்லெண்ணெய் வேற தெருப்புழுதியோட சேர்ந்து பிசினாகி உட்கார்ந்திருந்தது.

பெரிய இஞ்சினியர்கள் கனத்தைக் கீல்ல விட்டுட்டுப் போகலைங்கறதுக்கு பனாமா கால்வாய் (1914) நல்ல சாட்சி. அங்க தண்ணியைத் தடுக்கற கதவுல ஒரு இலை 65 அடி அகலம், 7 அடி கனம், பெரியது 660 டன். கீலே 16 டன்னுக்கு மேல. ஆனா உள்ள கப்பல் மாதிரி வெற்றிடம். தண்ணியில முக்கால்வாசி மிதக்குது, கீலுக்கு பாரம் கொஞ்சம்தான்.

நம்ம தெருவுல மிதக்க வைக்க முடியாது. வெல்டர் கிட்ட, "அண்ணே, கீல் ரெண்டையும் எவ்வளவு தூரமா வைக்க முடியுமோ அவ்வளவு தூரமா வைங்க, கீழ கனத்தைத் தரையில இறக்கணும்"னு சொன்னேன். அவர் சிரிச்சார், "குடுமி மாதிரியா தம்பி?" கீழ்முனைக்கு ஒரு எஃகுக் கிண்ணம், அதுக்குள்ள ஒரு எஃகு உருண்டை, மழைத்தண்ணி நிக்காம தரையைவிட நாலு விரல்கடை உயரத்துல. மேல ஒரு வளையம், சாயாம பிடிக்க மட்டும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை பழைய கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால துடைச்சுட்டு புதுசு வைக்கணும். பழசு மேலயே புதுசை அப்பினா புழுதி சேர்ந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். வெல்டிங் ஓரத்தை விரல் நகத்தால கீறிப் பார்க்கணும். கீல் மேல பெயிண்ட் கூடாது.

அப்பா ஒத்தைக் கையால கேட்டைத் தள்ளிப் பார்த்தார். சத்தமே இல்லாம போச்சு. "கத்தாதே, பின்ன நான் எப்படிடா தெரிஞ்சுக்கறது?"ன்னார். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் ஞாயிறு நான் ஊர்ல இருப்பேன்னு காலண்டர்ல போட்டிருக்கேன்.

பி.கு: ரோமானியர்கள் கதவுக்கு ஒரு சாமி, வாசப்படிக்கு ஒரு சாமி, கீலுக்குன்னு தனியா கார்டியான்னு ஒரு அம்மன் வச்சிருந்தாங்க. ஒரு காவல்காரன் பார்த்துக்கற வாசலுக்கு மூணு சாமியான்னு புனித அகஸ்டின் நக்கலடிச்சிருக்கார். அவர் எங்க வீட்டு கேட்டைப் பார்த்ததில்லை.