கழுவெளியும் சேரியும்

சென்னையில் வெள்ளம் வந்தால் ஒரு வார்த்தை தவறாமல் வந்துவிடும்: ஆக்கிரமிப்பு. கூவம் கரைக் குடிசைகளைத் திரையில் காட்டிக்கொண்டே நீர்நிலை ஆக்கிரமிப்பு பற்றி விவாதிப்பார்கள். அந்த விவாதம் நடக்கிற கட்டடம் எந்த ஏரியில் நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நாம் கேட்போம்.

தியாகராய நகரிலிருந்து தொடங்கலாம். நுங்கம்பாக்கம் தொடங்கி சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்தது ஒரு பெரிய ஏரி. 1920களில், நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், அதை வடித்து மனை போட்டுத்தான் தி.நகரை உருவாக்கினார்கள். (நீதிக்கட்சி மீது நமக்குள்ள மதிப்பும் விமர்சனமும் வேறு பேச்சு.) மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ சாலை இருக்கிறது, பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டமும் ஏரி நிலத்தில்தான் நிற்கிறது. முகப்பேரில் வீட்டு வசதி வாரியம் போட்ட மனைப்பிரிவுக்குப் பெயரே ஏரித் திட்டம். ஒளிவுமறைவே கிடையாது. இங்கெல்லாம் வீடு வாங்கியவர்களை நூறு ஆண்டுகளில் எவரும் ஆக்கிரமிப்பாளர் என்று சொன்னதில்லை. அவர்கள் கையில் பட்டா இருக்கிறது.

பட்டா யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதற்கு இதைவிடப் பழைய வரலாறு உண்டு. சென்னையைச் சுற்றியிருந்த ஊர்கள் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அங்கே ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் 1891இல் அரசுக்கு ஓர் அறிக்கை தந்தார். பறையர்களுக்குச் சாகுபடி நிலம் இல்லை, குடியிருக்கும் மனைகூட மிராசுதாரின் தயவில்தான் இருக்கிறது, தரிசைக் கேட்டாலும் மிராசு உரிமை குறுக்கே நிற்கிறது என்று அதில் விவரித்தார். அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த ஆணையிலிருந்துதான் நாம் பஞ்சமி நிலம் என்று சொல்கிற நிலங்கள் பிறந்தன. அவற்றில் பெரும்பகுதி யார் கைக்குப் போனது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஏரிகளைக் காத்தவர்கள் யார் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழகத்தின் பல ஊர்களில் மடை திறப்பதும், வயல் வயலாகத் தண்ணீர் பங்கிடுவதும், மழை இரவில் கரையில் விழித்திருப்பதும் நீர்க்கட்டிகளின் வேலை. அவர்களில் மிகப் பலர் தலித்துகள். கூலி சில கட்டுக் கதிர். எந்த வாய்க்கால் எங்கே போகிறது, கரை எங்கே பலவீனம் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. தண்ணீரில் உரிமை மட்டும் நிலம் வைத்திருந்தவனுக்கு.

இனி பள்ளிக்கரணைக்கு வருவோம். மேற்கிலும் தெற்கிலும் உள்ள முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் இந்தச் சதுப்புநிலத்தில்தான் வந்து சேருகிறது. இங்கே தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. ஊர்க்காரர்களுக்கு இது கழுவெளி. மீன், நண்டு, கோரைப்புல், மேய்ச்சல் என எல்லாம் தந்த இடம். வருவாய்த் துறைக்கோ வரி வராத புறம்போக்கு. அந்தச் சொல்லையே வசவாக்கி வைத்திருக்கிறோம்.

ஆயிரக்கணக்கான ஹெக்டேராக விரிந்திருந்த கழுவெளியை எல்லாரும் சேர்ந்துதான் தின்றார்கள். 1980களிலிருந்து பெருங்குடியில் மாநகரத்தின் குப்பை மலை வளர்ந்தது. அரசின் ஆய்வு நிறுவனங்கள் வந்தன. 2000க்குப் பிறகு பழைய மாமல்லபுரம் சாலை ஐ.டி. வழித்தடமானது, கண்ணாடிக் கட்டடங்களும் அடுக்ககங்களும் எழுந்தன. 2007இல் அரசு 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தபோது, காப்பாற்ற மிஞ்சியிருந்ததே கொஞ்சம்தான். 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர்.

இந்தப் பட்டியலில் நம் மக்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் தாங்களாக வரவில்லை. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தருவது முக்கியமான வழியாக இருந்தது. பிறகு நகரத்துக்குள் நிலம் பொன்னானது. ஆற்றங்கரைகளிலிருந்து லாரியில் ஏற்றி கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று இறக்கத் தொடங்கினார்கள். பெரும்பாக்கத்தில் மட்டும் எட்டு மாடிக் கட்டடங்களில் 20,000க்கும் மேற்பட்ட வீடுகள். குடியமர்த்தப்பட்டவர்களில் பெரும்பகுதி தலித்துகள். கண்ணகி நகர் இருக்கும் ஊரின் பெயர் ஒக்கியம் துரைப்பாக்கம். வெள்ளம் வடிகிற அதே ஒக்கியம். ஊரிலிருந்து சேரியைத் தள்ளி, தாழ்ந்த நிலத்தில் வைத்த பழைய வரைபடத்தை இருபது முப்பது கிலோமீட்டர் அளவுக்குப் பெரிதாக்கினால் இதுதான் கிடைக்கும்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நடந்ததை மட்டும் நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஆற்றங்கரையில் இருந்தால் வெள்ளத்தில் ஆபத்து என்று சொல்லி, அடையாற்றுக் கரைக் குடும்பங்களைப் பள்ளிக்குழந்தைகளின் அரையாண்டுத் தேர்வைக்கூடப் பார்க்காமல் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றி, சதுப்புநிலத்தின் விளிம்பில் விட்டார்கள். செம்மஞ்சேரியில் ஒவ்வொரு பெருமழைக்கும் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது.

சூழலியல் பேசும் நண்பர்கள் சிலர் இந்தக் குடியிருப்புகளையும் ஐ.டி. வளாகங்களையும் ஒரே வரியில் ஆக்கிரமிப்பு என்று எழுதுகிறார்கள். அவர்களோடு நமக்குச் சண்டை இல்லை, கழுவெளி பிழைக்க வேண்டும். ஆனால் இடிக்க வேண்டியதன் வரிசை எங்கிருந்து தொடங்கும் என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். கண்ணாடிக் கட்டடத்திலிருந்தா, கண்ணகி நகரிலிருந்தா? அங்கே இருப்பவர்களை இன்னொரு முறை லாரியில் ஏற்றினால் அடுத்து எங்கே இறக்குவார்கள்?

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. கிராம நிர்வாக அலுவலகத்தில் ‘அ’ பதிவேடு இருக்கும். உங்கள் கல்லூரியின் சர்வே எண்ணைத் தேடி, அது ஏரியா, கழுவெளியா, மேய்க்காலா, பஞ்சமியா, பட்டா எந்த ஆண்டில் யார் பெயருக்கு மாறியது என்று எழுதி எடுத்து வாருங்கள். பழைய பதிவேடு இல்லை என்று சொன்னால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள்.