விரல்கள் அறிந்த பொது எழுத்து

கொச்சிக் காயலின் நடுவே கிடக்கும் வெலிங்டன் தீவு பெரும்பாலும் மனிதர் எழுப்பிய நிலம். 1920ஆம் ஆண்டு அங்கு வந்த பொறியியலாளர் ராபர்ட் பிரிஸ்டோ, பெருங்கப்பல்கள் உட்புகும்படி காயலை ஆழப்படுத்தினார். அப்போது வாரியெடுத்த மண்ணே தீவாயிற்று. வைஸ்ராய் வெலிங்டன் பிரபுவின் பெயர் அதற்கு இடப்பெற்றது. துறைமுகமும் சரக்குக் கிடங்குகளும் தேயிலை வாணிகமும் பிழைப்பு நாடிய பலரை இழுத்தன. அவர்களுள் நம்மவரும் உண்டு.

அங்கே பல்லாண்டு வாழ்ந்து, மலையாளத்தைச் சரளமாகப் பேசும் தமிழரிற் சிலர் இன்றும் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்க அண்டையிலிருப்பவரைக் கேட்பர். நமக்குக் கண் இருக்கிறது, எழுத்துத்தான் வேறு. ஆனால் தமிழிற் பிரெயில் கற்ற பார்வையற்ற சிறுவன் ஒருவன், மலையாளப் பிரெயில் ஏட்டைத் தடவினால் எழுத்துக்கூட்டத் தொடங்கிவிடுவான். இவ்வியப்பு தானாக நேர்ந்ததன்று.

பிரெஞ்சு நாட்டு லூயி பிரெயில் ஆறு புள்ளிகளைக் கொண்டு எழுத்து வகுத்தவர். அது நம் நாட்டுக்கு வந்தபோது ஒரே வடிவில் வரவில்லை. 1887இல் அமிர்தசரசில் ஷார்ப் அம்மையார் பள்ளி தொடங்கினார். 1890இல் பாளையங்கோட்டையில் ஆஸ்குவித் அம்மையார் தொடங்கிய பள்ளி தமிழ்நாட்டிற்குப் பெருமை தருவது. ஆங்காங்குக் கற்பித்தவர்கள் தத்தம் மொழிக்கேற்பப் புள்ளிகளைப் பங்கிட்டுக்கொண்டனர். அன்பு மிகுந்த முயற்சிகளே அவை. எனினும் ஒரு பள்ளியின் புத்தகம் மறு பள்ளியில் ஊமையாயிற்று. சில நூறு பேருக்கென்று தனித்தனி அச்சு யார்தான் நடத்த முடியும்?

இந்திய மொழிகளுக்குப் பொதுவாக ஒரு முறை வேண்டுமென்று முயன்றவர்களுள் நோல்ஸ், கார்த்வெயிட் என்னும் இருவரைக் குறிப்பிட வேண்டும். முன்னவர் திருவிதாங்கூரில் பணியாற்றிய பாதிரியார். பின்னவர் மலையாள நாட்டில் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்தவர். கேரளக் கரையை அறிந்த இருவர் இதில் முற்பட்டது கொச்சிவாழ் தமிழர்க்குச் சுவையான செய்தி. ஆயினும் அவர்கள் முறையும் நாடு முழுவதும் பரவவில்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், கண்ணிழந்த இந்தியப் போர்வீரர்களுக்காக டேராடூனில் ஒரு பயிற்சி இல்லம் அமைந்தது. அதனை நடத்தியவர் நியூசீலாந்தினரான கிளூதா மெக்கன்சி. 1915இல் கல்லிப்போலிப் போரில் தாமே பார்வையிழந்தவர். 1949இல் இந்திய அரசு யுனெஸ்கோவின் துணையை நாடியபோது, அவர் அந்நிறுவனத்தின் ஆலோசகராகி வேலையை முன்னின்று நடத்தினார். 1951 பிப்ரவரியில் பெய்ரூத் நகரில் கூடிய மாநாட்டின் பின்னர், அவ்வாண்டிலேயே 'பாரதி பிரெயில்' நம் நாட்டின் பொது எழுத்தாயிற்று. டேராடூனில் மைய அச்சகமும் தோன்றியது.

அதன் நுட்பம் எளியது. ஒலி ஒன்றாயின் புள்ளியும் ஒன்று. 'க' ஒலிக்குள்ள ஒரே புள்ளிகளே தமிழ்க் ககரத்துக்கும் மலையாளக் ககரத்துக்கும் உரியன. 'வழி' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இரு மொழிக்கும் பொதுச் சொல் அது. வகரத்துக்கு 1, 2, 3, 6; ழகரத்துக்கு 1, 2, 3, 5, 6; இகரத்துக்கு 2, 4. மூன்றே கட்டங்கள். அச்சிட்ட தாளில் இரு சொல்லாய்த் தோன்றுவது, விரலுக்கு ஒரே சொல்! மலையாளத்திலுள்ள வர்க்க எழுத்துக்களைத் தமிழ்ப்பிள்ளை புதிதாகக் கற்க வேண்டும், உண்மைதான். அது சில வாரப் பாடம்.

வேலைக்காக ஊர் மாறிய குடும்பத்துக்கு இது சிறு நன்மையன்று. மாநில அரசு தரும் உதவித்தொகை எல்லை தாண்டினால் உடன் வராது. அங்கங்கே விதிகள் வேறு. இந்திய அரசு வழங்கும் தனித்துவ அடையாள அட்டை எங்கும் செல்லும். 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 விழுக்காடு ஒதுக்கி, அதில் 1 விழுக்காட்டைப் பார்வையற்றோர்க்கும் குறைபார்வையுடையோர்க்கும் வைத்துள்ளது. இவற்றுக்கெல்லாம் முன் நிற்பது படிப்பு. தீவிலிருக்கும் பெற்றோர் ஆலுவாப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கத் தயங்கி, 'மலையாளத்தில் படித்தால் தமிழ் போய்விடுமே' என அஞ்ச வேண்டுவதில்லை. அங்கே கற்கும் புள்ளிகளே தமிழ் நூலையும் திறக்கும்.

கைப்பேசி இன்று படித்துக்காட்டுகிறதே என்பர் சிலர். கேட்டறிவது வேறு, எழுத்தறிவது வேறு; 'பள்ளி'க்கும் 'பல்லி'க்கும் உள்ள வேறுபாட்டை விரல் மறப்பதில்லை.

கொச்சியில் தமிழ்ப் பிரெயில் நூல் எளிதிற் கிடைக்காவிட்டால், தமிழ்நாட்டிலிருந்து தருவிக்கலாம். பார்வையற்றோர்க்கான நூற்கட்டு சாதாரண அஞ்சலில் கட்டணமின்றியே வரும்.